சைகஸ் குருத்தை மொட்டையடிக்கும் நீலன்: மருந்தா, கொசுவலையா?

#1 கௌரி_தஞ்சை

வணக்கம். வீட்டு வாசலில் இரண்டு சைகஸ் நிற்கின்றன, குட்டிப் பனை மாதிரி ஓலை விரிக்கிற அலங்காரச் செடி. மாமனார் வைத்தது, இடுப்புயரம் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, நல்ல மழை பெய்தால் இரண்டு தடவை, நடுவிலிருந்து மொத்தக் குருத்தும் ஒன்றாகக் கிளம்பும். இந்த முறை விரிவதற்கு முன்பே மஞ்சளாகி, கருகின மாதிரி ஆகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் நடு நரம்பு மட்டும் நிற்கிறது. இருபுறமும் இருக்க வேண்டிய ஊசி இலைகளில் பாதியைக் காணோம், மீதி சுரண்டப்பட்டு நூலாகத் தொங்குகிறது. பச்சையிலும் செம்பழுப்பிலும் சப்பையான குட்டிப் புழுக்கள். எறும்பு வேறு ஏறி இறங்குகிறது. செடியைச் சுற்றிச் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள் பகல் முழுக்கப் பறக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? கடையில் கேட்டால் ஒரு மருந்து பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். அடிக்க மனசு வரவில்லை. படம் இணைத்திருக்கிறேன்.

#2 நர்சரி முருகேசன்

மேடம், சைகஸ் வைத்திருக்கிற எல்லோருக்கும் வருவதுதான் இது. அந்தப் பட்டாம்பூச்சி இடுகிற முட்டையிலிருந்து வருகிற புழுதான், சந்தேகமே வேண்டாம். குருத்து முளைவிடும்போதே ஊடுருவிப் பாயும் மருந்து ஏதாவது ஒன்றை வேரில் ஊற்றிவிடுங்கள். புழுவைக் கண்ணால் பார்த்த பிறகு அடித்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. போன இலை திரும்ப வராது, அடுத்த குருத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

#3 லென்ஸ்மணி

மூன்றாவது படத்தில் இறக்கையை மூடி உட்கார்ந்திருப்பது தெளிவாக இருக்கிறது. பிளெயின்ஸ் க்யூபிட், அறிவியல் பெயர் லூத்ரோடிஸ் பாண்டவா. பழைய புத்தகங்களில் கைலேடிஸ் பாண்டவா என்று இருக்கும். நீலன் (ஆங்கிலத்தில் புளூ) என்கிற இந்தச் சின்னப் பட்டாம்பூச்சிக் குடும்பத்து மரபணுவை அலசி 2013-இல் பேரினங்களைப் பிரித்து அடுக்கியபோது இது லூத்ரோடிஸுக்குப் போனது.

கண்டுபிடிப்பது எப்படி: பின்னிறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு, அதில் வெள்ளை விளிம்போடு கோடுகள். உடம்பை ஒட்டிய பகுதியில் வெள்ளை வளையத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் மயிரிழை போல ஒரு வால், அதன் பக்கத்தில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட கறுப்புப் புள்ளி. உளுந்து, தட்டைப்பயறு வயல்களில் திரியும் கிராம் புளூவும் ஏறத்தாழ இதே மாதிரிதான். ஆனால் அதற்கு வாலோரம் ஆரஞ்சு விளிம்போடு இரண்டு பெரிய புள்ளிகள் பளிச்சென்று தெரியும், அடிப்பகுதியில் இந்தப் புள்ளி வரிசை இருக்காது.

இறக்கையை விரித்தால் ஆண் வெளிர் ஊதா கலந்த நீலம். பெண் பெரும்பாலும் பழுப்பு, உடம்பை ஒட்டி மட்டும் நீலம் பூசியிருக்கும். கௌரி மேடம் பார்க்கிற கூட்டத்தில் பழுப்பாகத் தெரிகிறவைதான் முட்டையிட வந்தவை. கோடையில் பிறப்பவற்றின் அடிப்பக்கம் இன்னும் வெளிறி, கோடுகள் மங்கலாக இருக்கும். அதை வேறு இனம் என்று நினைத்துப் படம் போடுகிறவர்கள் இங்கேயே உண்டு.

#4 பூச்சிப்பித்தன்

மணி அடையாளம் சொல்லிவிட்டார். வாழ்க்கைக் கதையை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஜாவாவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து 1829-இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் இதற்குப் பெயர் வைத்தார். இந்தியா, இலங்கை, பர்மாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இதன் சொந்தப் பூமி. இறக்கை விரித்தால் முனைக்கு முனை 3 சென்டிமீட்டர்தான் தேறும். தாழப் பறக்கும். வெட்டுக்காயப்பூண்டு போன்ற சின்னப் பூக்களில் தேன் குடிக்கும், ஆண்கள் ஈர மண்ணில் உட்கார்ந்து உப்பு உறிஞ்சும். இதெல்லாம் மற்ற நீலன்களும் செய்வதுதான். தனித்தன்மை சாப்பாட்டில் இருக்கிறது. புழுவுக்குச் சைகஸ் இனங்களின் இளங்குருத்துதான் பிரதான உணவு. கார்வார் பக்கம் வன அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல் நூறு வருஷத்துக்கு முன்பு புழுக்களை வளர்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகளில் சைகஸோடு இருள் மரத்தையும் சேர்த்திருக்கிறார். ஆனால் ஊருக்குள் நாம் பார்ப்பதெல்லாம் சைகஸில்தான்.

சைகஸ் சாதாரணச் செடி இல்லை. பூக்காத தாவரம், விதை மட்டும் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இதன் வம்சம் 25 கோடி வருஷத்துக்கு மேல் பழையது. டைனோசர் வருவதற்கு முன்பே இருந்தது, டைனோசர் போன பிறகும் நிற்கிறது. இத்தனை காலம் தாக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் விஷம். இலை, விதை, தண்டு எல்லாவற்றிலும் சைகாசின் என்ற நச்சு உண்டு. மாடு மேய்ந்தால் கால் இழுத்துக்கொள்ளும், நாய் விதையைத் தின்றால் கல்லீரல் போகும். வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் தோல். முதிர்ந்த ஓலையைத் தொட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் போல விறைத்திருக்கும், முனை குத்தும். எந்தப் புழுவுக்கும் பல் இறங்காது. ஆக, செடிக்குப் பலவீனமான காலம் ஒன்றே ஒன்றுதான்: குருத்து வெளியே வந்து இறுகும் வரையிலான சில வாரங்கள். அந்தக் காலத்தைச் சுருக்கத்தான் செடி எல்லா ஓலையையும் ஒரே மூச்சில் தள்ளுகிறது. நாலு நாளைக்கு ஒரு இலையாக விட்டால் வருஷம் முழுக்கப் புழுவுக்குச் சோறு போட வேண்டியிருக்குமே.

நீலனும் லேசுப்பட்டது இல்லை. பழுப்பு ரோமத்தோடு குருத்து நிமிரும்போதே பெண் வந்துவிடும். சுருண்டிருக்கும் சிற்றிலைகளில் ஒவ்வொன்றாக முட்டையைப் பதிக்கும். தட்டையான வெளிர் பச்சை முட்டை, ரவையில் பாதி இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினால்தான் தெரியும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, புழு முதலில் இலையின் மேல்தோலைச் சுரண்டும், பெரிதானதும் சிற்றிலையையே அரித்துத் தின்னும். முழுதாக வளர்ந்தாலும் 1 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிறகு ஓலைகளின் அடியிலோ, உச்சியில் சேர்ந்திருக்கும் சருகுக்குள்ளோ இடுப்பில் ஒரு பட்டு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை எல்லாம் சேர்த்து மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். இலை இறுகுவதற்குள் தின்று முடிக்க வேண்டும், அதனால்தான் இந்த அவசரம்.

முருகேசன் அண்ணன் சொன்ன ஊடுருவும் மருந்து பற்றி: அது செடிக்குள் மாதக்கணக்கில் இருக்கும். புழுவோடு நிற்காது, புழுவைத் தின்கிற குளவி, சிலந்தி, ஓணான் வரை போகும். வாசலில் நிற்கிற இரண்டு செடிக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி.

#5 கௌரி_தஞ்சை

மிக்க நன்றி. எறும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எறும்பு புழுவைத் தின்னத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் புழு பக்கத்திலேயே நிற்கிறது, கடிக்கவில்லை.

#6 பூச்சிப்பித்தன்

அதைத்தான் தனியாக எழுத வேண்டும் என்று விட்டுவைத்தேன். கைபேசியில் மாட்டுகிற சின்ன லென்ஸ் இருந்தால் போதும், காலை வெயில் ஏறுவதற்கு முன்பு பாருங்கள்.

புழுவின் தலை எது வால் எது என்று முதலில் தெரியாது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தின்னும். எறும்பு எப்போதும் எந்த முனையில் கூடுகிறதோ அதுதான் பின்பக்கம். முதுகில், பின்னாலிருந்து கொஞ்சம் முன்னால், குறுக்கே ஒரு சிறு பிளவு இருக்கும். எறும்பு தன் உணர்கொம்புகளால் அந்த இடத்தைத் தட்டோ தட்டென்று தட்டும். சற்று நேரத்தில் பிளவிலிருந்து ஒரு துளி நீர் முட்டிக்கொண்டு வரும். எறும்பு வாய் வைத்ததும் துளி மறைந்துவிடும். சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்த நீர் அது. அடுத்த எறும்பு உடனே வந்து தட்டும்.

அதற்கும் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு குழல்கள் உண்டு. பொசுக்கென்று வெளியே நீண்டு, முனையில் தூரிகை போல மயிர் விரிந்து, கண் சிமிட்டும் நேரத்தில் உள்ளே போய்விடும். அவை நீளும் போதெல்லாம் பக்கத்து எறும்புகள் பரபரப்பாகி ஓடும். எறும்பின் அபாய வாசனையைப் போன்ற ஒன்றை விடுகின்றன என்பதுதான் பொதுவான விளக்கம்.

புழுவுக்கு என்ன லாபம்? காவல். நீலன்களின் பெரிய எதிரி பறவை இல்லை, உடம்புக்குள் முட்டையிடும் நுண்குளவிதான். எறும்பு சுற்றி நின்றால் குளவி இறங்கத் தயங்கும். நீலன் குடும்பத்தில் உலகம் முழுக்க 5,000-க்கு மேற்பட்ட இனங்கள். வாழ்க்கை வரலாறு தெரிந்தவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு எறும்போடு ஏதாவது ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு.

எல்லாமே இப்படி நேர்மையான வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவின் லார்ஜ் புளூ என்ற நீலன் பச்சைத் துரோகி. அதன் புழு சில வாரம் காட்டுத் துளசி வகைப் பூவைத் தின்றுவிட்டுக் கீழே விழும். மிர்மிகா சபுலெட்டி என்ற சிவப்பெறும்பு, தன் குஞ்சு என்று ஏமாந்து அதைப் புற்றுக்குள் தூக்கிப் போகும். அங்கே பத்து மாதம் எறும்பின் குஞ்சுகளைத் தின்றே வளரும். இங்கிலாந்தில் மேய்ச்சல் குறைந்தது, 1950-களில் முயல்கள் நோயில் செத்தன, புல் உயர்ந்தது, நிழல் விழுந்து தரை குளிர்ந்தது, அந்த எறும்பு போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் 1979-இல் அங்கே அற்றுப்போனது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் புல் வெளியிலேயே கிடந்து இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்தார். பிறகு புல்லை மேயவிட்டு, 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீண்டும் விட்டார்கள், பிடித்துக்கொண்டது. நம்ம ஆள் அவ்வளவு மோசம் இல்லை, கொடுத்துத்தான் வாங்குகிறது.

எறும்பை விரட்டினால் புழு குறையுமா என்று அடுத்து கேட்பீர்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் எறும்பை விரட்ட அடிக்கிற மருந்து புழுவுக்கு அடிக்கிற மருந்தைவிட மோசம்.

#7 வவுனியா வாசன்

எங்கட பக்கமும் இந்தப் பூச்சி கனக்க இருக்கு. வீட்டு முற்றத்துச் சைகஸ் மட்டுமில்லை, இலங்கையின் சொந்தச் சைகஸ் இரண்டு இனம் இருக்கு. வறண்ட வலயக் காட்டில வடக்கு, கிழக்குப் பக்கம் நிற்பது சைகஸ் நாத்தோர்ஸ்டியை. அது தமிழ்நாட்டிலயும் இருக்கிறதாகப் பதிவு உண்டு. மற்றது சைகஸ் சைலானிகா, தென்மேற்குக் கரையோரம், மிக அரிது. சிங்கள ஆக்கள் மடு என்று சொல்லுவினம். விதையை வெட்டிக் காயவிட்டு, தண்ணியில ஊறவைத்து நஞ்சை எடுத்துப்போட்டு மாவாக்கி ரொட்டி சுடுவினம்.

ஒரு கேள்வி. காட்டில நிற்கிற மரத்தில நான் இவ்வளவு மொட்டையடிச்சதைக் கண்டதில்லை. முற்றத்தில நிற்கிறதுதான் ஒவ்வொரு முறையும் மாட்டுப்படுது. ஏன்?

#8 கூடலூரான்

வாசன், இங்கேயும் அதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்பது சைகஸ் சர்சினாலிஸ். கேரளப் பக்கம் ஈந்து, தமிழில் மதனகாமப்பூ மரம். மலபாரில் இதன் காயையும் காயவைத்து இடித்துப் பலகாரம் செய்வார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. காட்டில் ஒரு மரம் இங்கே, இன்னொன்று அந்தச் சரிவில். மழைக்கு முன்னே பின்னே ஒரு பருவத்தில் குருத்து விடும், அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. நீலன் பெருகுவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடும். ஊருக்குள் அப்படியா? ஒரு தெருவில் பத்து வீட்டு வாசலில் சைகஸ். ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் உரம் வைக்கிறார், ஒருவர் பழைய ஓலையை வெட்டுகிறார். ஆளுக்கொரு நேரத்தில் குருத்து வரும். ஏதாவது ஒரு வாசலில் இலை போட்டபடியே இருக்கிறது. தலைமுறை அறுபடாமல் ஓடுகிறது.

மலையில் ஈந்துக்கு ஆபத்து புழுவால் இல்லை. பந்தலுக்கும் மலர்வளையத்துக்கும் ஓலையை வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். மதனகாமப்பூ என்று ஆண் மரத்தின் கூம்பை அறுத்து நாட்டு மருந்தாக விற்கிறார்கள். ஆண் கூம்பு போனால் மகரந்தம் ஏது, பெண் மரத்தில் விதை எங்கிருந்து வரும்? சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இது அருகி வரும் இனம். இதற்கு யாரும் இழை தொடங்குவதில்லை.

#9 நர்சரி முருகேசன்

எல்லாம் படித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நிலைமையையும் யோசியுங்கள். வாடிக்கையாளர் சைகஸை வாங்குவது ஒரே காரணத்துக்கு: வட்டமாக, பச்சையாக, ஒரு ஓலை குறையாமல் இருக்க வேண்டும். மூன்று வருஷம் வளர்த்த செடி ஒரு குருத்தைப் புழுவுக்குக் கொடுத்தால் அடுத்த குருத்து வரும் வரை விலை போகாது. பட்டாம்பூச்சி அழகுக்கு யார் எனக்குக் காசு தருவார்கள்? நான் வேண்டுமென்றே விஷம் அடிக்கிறவன் இல்லை. வேறு வழி சொன்னால் செய்கிறேன்.

#10 பூச்சிப்பித்தன்

நியாயமான கேள்வி அண்ணே. முதலில் ஒன்று: ஒரு குருத்து போனதால் நல்ல சைகஸ் சாகாது. அடித்தண்டில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, அதிலிருந்து அடுத்ததைத் தள்ளும். தொடர்ந்து மூன்று நான்கு குருத்து போனால்தான் சேமிப்பு வற்றி, ஓலை சிறுத்து, செடி பலவீனப்படும். வீட்டுக்காரருக்கு இது பிரச்சினை இல்லை, உங்களுக்குப் பிரச்சினைதான், ஒத்துக்கொள்கிறேன்.

வழி கொசுவலை. சிரிக்க வேண்டாம். உச்சியில் பழுப்பு ரோமம் புடைத்துக் குருத்து வரப்போகிறது என்று தெரிந்ததும், முதல் முட்டை விழுவதற்கு முன்பு மூட வேண்டும். நாலு குச்சி நட்டு, வலை இலையில் படாமல் கூடாரமாகக் கட்டுங்கள். இலையை ஒட்டிக்கிடந்தால் வெளியே உட்கார்ந்தே முட்டை வைத்துவிடும். கீழ்ப்பக்கம் அடித்தண்டோடு சுற்றிக் கட்டுங்கள். சிற்றிலை விறைத்துக் கையில் குத்தத் தொடங்கியதும் எடுத்துவிடலாம், மூன்று நான்கு வாரம். வலை கட்டத் தவறிவிட்டால் தினமும் காலையில் குழாய்த் தண்ணீரைக் குருத்தின் மேல் பீய்ச்சுங்கள், குட்டிப் புழுக்கள் நிறைய உதிரும். அதுவும் போதாதென்றால் பி.டி. என்கிற பாக்டீரியா மருந்து. தின்கிற புழுவை மட்டும் பிடிக்கும், குளவியையும் சிலந்தியையும் விட்டுவிடும். பெரிய புழுவுக்கு அவ்வளவாகக் கேட்காது, குட்டியாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும்.

#11 சார்ஜா ரஹீம்

இங்கே நான் வேலை பார்க்கும் குடியிருப்பில் சாலை ஓரம் முழுக்கச் சைகஸ். இதே நீலன், இதே புழு. சுற்றிலும் பாலைவனம். கடலைத் தாண்டிப் பறந்தா வந்திருக்கும்?

#12 பூச்சிப்பித்தன்

ரஹீம் பாய், பறந்து இல்லை, தொட்டியில் ஏறி வந்தது. உலகம் முழுக்க அலங்காரத்துக்கு விற்கிற சைகஸ் ரெவலூட்டா, ஜப்பானின் தெற்குத் தீவுகளைச் சேர்ந்தது. கௌரி மேடம் வாசலில் நிற்பதும் அதுதான், உங்கள் சாலையில் நிற்பதும் அதுதான். அதை எந்த நாட்டுக்கு ஏற்றினாலும் முட்டையோ கூட்டுப்புழுவோ ஓலையிடுக்கில் கூடவே போகும். அமீரகம், எகிப்து, மொரீஷியஸ், மடகாஸ்கர், ஜப்பான், குவாம் எல்லா இடத்திலும் இன்று இந்த நீலன் இருக்கிறது.

எனக்குப் பிடித்த கதை தைவான். அந்தத் தீவின் கிழக்கே தைதுங் பகுதியில் மட்டும் சைகஸ் தைதுங்கென்சிஸ் என்ற சொந்தச் சைகஸ் உண்டு. அதில் வாழும் நீலனை 1989-இல் தனித் துணையினமாக விவரித்தார்கள், பாதுகாக்க வேண்டிய அரிய பூச்சி என்ற நிலை. பிறகு ஊரெல்லாம் ஜப்பான் சைகஸ் நட்டார்கள். பார்த்தால் தீவு முழுக்க அதே பட்டாம்பூச்சி, தோட்டக்காரர்கள் தலையில் கை வைக்கிற அளவுக்கு. தைதுங்கிலிருந்து இறங்கி வந்ததா, வெளியிலிருந்து வந்ததா? 2010-இல் வெளியான மரபணு ஆய்வு, தைவானில் சொந்த வம்சமும் வந்தேறி வம்சமும் இரண்டுமே இருக்கின்றன என்று காட்டியது. வெளியிலிருந்து வந்தது சொந்தச் சைகஸையும் தாக்கும், சொந்த நீலனோடும் கலக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், எதைக் காப்பது எதை விரட்டுவது?

குவாம் கதை இன்னும் கசப்பானது. 2002 கணக்கெடுப்பில் அந்தத் தீவின் காடுகளில் மிக அதிகமாக நின்ற மரமே சைகஸ் மைக்ரோனேசிகா. மறு வருஷமே சைகஸ் செதில் பூச்சி வந்தது. 2005-இல் நம் நீலன். செதில் பூச்சி பழைய ஓலையை உறிஞ்சிக் கொன்றது, மரம் கையிருப்பைச் செலவழித்துப் புதுக்குருத்து விட்டது, அந்தக் குருத்தை நீலன் தின்றது. 2006-இலேயே மரம் அருகி வரும் பட்டியலுக்குப் போய்விட்டது. நம் ஊரில் நீலனைப் பிடித்து வைக்க நுண்குளவி உண்டு, பறவை உண்டு. அங்கே அந்தக் கணக்கு எதுவும் அதோடு கப்பல் ஏறவில்லை.

அதனால் ரஹீம் பாய், நீங்கள் அங்கே மருந்து அடித்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். தஞ்சாவூரில் அடித்தால் வருவேன். தஞ்சையில் செடிதான் வெளியூர், பூச்சி நம்மூர். சார்ஜாவில் இரண்டுமே வெளியூர்.

#13 லென்ஸ்மணி

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அட்டாலா என்று ஒரு நீலன் குடும்பத்துப் பட்டாம்பூச்சி. அதன் புழுவுக்கு உணவு சேமியா என்ற சைகஸ் உறவு, அங்கே கூண்டி என்பார்கள். கூண்டியின் தண்டிலிருந்து மாவு எடுக்கும் ஆலைகள் வந்து செடியைத் தோண்டியே தீர்த்ததில் அட்டாலா கிட்டத்தட்ட அழிந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இனி இல்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். பிறகு அலங்காரத்துக்கு வீட்டுத் தோட்டங்களில் கூண்டி நட, பூச்சி திரும்ப வந்து பெருகியது.

அந்தப் புழு நம்முடையது மாதிரி பச்சைக்குள் ஒளியாது. ரத்தச் சிவப்பு, முதுகில் மஞ்சள் புள்ளிகள். சைகாசின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, என்னைத் தொடாதே என்று பலகை மாட்டிக்கொண்டு அலையும். பறவை ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்தால் மறு தடவை வராது. ஒரே விஷச் செடிக் கூட்டத்தைத் தின்கிற இரண்டு உறவுக்காரப் பூச்சிகள், ஒன்று அதை விளம்பரம் செய்கிறது, இன்னொன்று எறும்பைக் காவல் வைத்துக்கொள்கிறது.

#14 மட்டுறுத்துநர்

மதனகாமப்பூ எங்கே கிடைக்கும், எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டு வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மேலே கூடலூரான் எழுதியதைப் படிக்கவும். நச்சுத் தாவரம் என்பதையும் படிக்கவும்.

#15 கௌரி_தஞ்சை

போனது போகட்டும் என்று இந்தக் குருத்தைப் புழுக்களுக்கே விட்டுவிட்டேன். இரண்டாவது செடியில் உச்சி புடைத்திருந்தது, அதற்கு மட்டும் பழைய கொசுவலையைக் கட்டினேன். இலை நன்றாக விரிந்து வருகிறது. வலைக்கு வெளியே பழுப்புப் பெண் பூச்சிகள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகின்றன, பாவமாகத்தான் இருக்கிறது. எறும்பு தட்டுவதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பையன் அரை மணி நேரம் அசையாமல் நின்றான், அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பட்டாம்பூச்சி உட்கார்ந்ததும் பின்னிறக்கைகளை மேலும் கீழும் தேய்க்கிறதே, அது எதற்கு?

#16 லென்ஸ்மணி

அது பொய்த்தலை. வால் இரண்டும் உணர்கொம்பு, ஆரஞ்சுப் புள்ளி கண். தேய்க்கும்போது வால் ஆடும், தலை அங்கேதான் இருக்கிறது என்று பல்லியும் குதிக்கும் சிலந்தியும் அந்தப் பக்கம் பாயும். கையில் கிடைப்பது இறக்கை நுனி மட்டும். நிறையப் படங்களில் வால் பக்கம் கடித்துப் பிய்ந்திருப்பதைப் பார்க்கலாம், ஆள் உயிரோடு தேன் குடித்துக்கொண்டிருக்கும்.

#17 நர்சரி முருகேசன்

வலை பற்றி: வரிசையாகத் தொட்டிகளை வைத்து மேலே நிழல்வலைக் கம்பியிலேயே தொங்கவிட்டுப் பார்த்தேன், ஒரே வலையில் ஒரு வரிசையே மூடிவிடுகிறது. மருந்துச் செலவைவிடக் குறைவுதான். இன்னொரு சந்தேகம். புதிதாக வந்த சரக்கில் சில செடிகளின் ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கிறது. மாவுப்பூச்சி என்று விட்டுவிட்டேன். மேலே செதில் பூச்சி என்று படித்ததும் பயம் வந்துவிட்டது.

#18 பூச்சிப்பித்தன்

அண்ணே, அந்தச் செடிகளை இன்றைக்கே தனியாக ஒதுக்குங்கள். மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், நகரும். செதில் பூச்சி தட்டையான வெள்ளைச் செதிலாக ஒட்டிக்கிடக்கும், நகத்தால் சுரண்டினால்தான் வரும், செத்த பிறகும் ஓலையில் அப்படியே இருக்கும். சைகஸ் செதில் பூச்சியின் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். 1996-இல் ஃபுளோரிடாவில் புகுந்து சைகஸ்களைக் காலி செய்தது அதுதான். நீலன் ஒரு குருத்தை எடுக்கும், இது செடியையே எடுத்துவிடும்.

உங்கள் செடியில் இருப்பது எந்தச் செதில் பூச்சி என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பாதித்த ஓலை ஒன்றை மூடிய பையில் போட்டு, பக்கத்து வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை அந்தச் சரக்கை விற்காதீர்கள். மோசமான ஓலைகளை வெட்டிப் பையில் கட்டி எரித்துவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம், காற்றிலேயே குஞ்சுகள் பரவும். மீதி ஓலைகளின் அடிப்பக்கம் நனையும்படி தோட்ட எண்ணெய்க் கரைசலை வாரம் ஒரு முறை தெளியுங்கள். தொட்டியிலிருந்து ஒரு செடியைக் கழற்றி வேரையும் பாருங்கள். இது வேரிலும் இருக்கும், மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் அங்கிருந்து திரும்ப ஏறும்.